பழைய புல்லட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

நாங்கள் சேலத்தில் ஒன்பது பத்துப் பேர். எல்லாரிடமும் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ராயல் என்ஃபீல்டு புல்லட். ஒருவரிடம் மட்டும் யமஹா ஆர்எக்ஸ் 100, ஆனால் அவர் நல்ல மனுஷன் என்பதால் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு காலை எங்கே வண்டியை நிறுத்தினாலும் யாராவது பக்கத்தில் வந்து "அண்ணா, இது எந்த வருஷ வண்டி?" என்று ஆரம்பிப்பார்கள். அதிலிருந்து வரிசையாக அதே பதினைந்து கேள்விகள். போன வருஷம் மட்டும் எங்களைப் பார்த்து நான்கு பையன்கள் பழைய புல்லட் வாங்கிவிட்டார்கள், இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வருகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. இருபது வருஷமாக ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

இதெல்லாம் எந்த புல்லட்டுக்குப் பொருந்தும்?

சிலிண்டர் வார்ப்பிரும்பில் செய்த 350-க்கு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையில், முதலில் இங்கிலாந்து ஊரான ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பிறகு முழுக்க இங்கேயே செய்து, கிட்டத்தட்ட 2010 வரை வந்துகொண்டிருந்த வண்டி அது. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் அங்கே கடையை மூடிவிட்டது, பிள்ளை இங்கே அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கியர் வலது காலில் இருந்தால் மட்டும்தான் பழசு என்று நினைக்காதீர்கள். கடைசிக் காலத்தில் வந்த சில வார்ப்பிரும்பு வண்டிகளில் 5 கியர், அதுவும் இடது பக்கம், பிளக்கில் பொறி வரவைக்கத் திறந்து மூடும் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். அவற்றுக்கு இங்கே சொல்லும் இன்ஜின் விஷயம் பொருந்தும், பாயிண்ட், பேட்டரி கரண்டைக் காட்டும் ஆம்பியர் மீட்டர் சமாச்சாரம் பொருந்தாது. கிளாசிக் 350 வைத்திருக்கும் தம்பிகள் மலையில் ஓட்டுவது பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். உங்கள் இன்ஜின் வேறு ஜாதி.

வாங்கப் போகிறேன், என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், "டீ சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். சூடான புல்லட் யார் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும், பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிக் கிடக்கும்போது அது எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் விஷயம். நான் வாங்கும்போது இதைச் செய்யவில்லை. விற்றவர் நான் வருவதற்கு முன்பே வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், டேங்கில் முகம் பார்க்கலாம் அந்த அளவுக்குப் பாலீஷ், நான் டேங்கை மட்டும் பார்த்தேன். மூன்றாவது மாதம் லேத்தில் போர் அடித்து (சிலிண்டரை உள்ளே குடைந்து அகலப்படுத்தி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன்.

புகையைப் பாருங்கள். நீலமாக வந்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ரொம்ப நாள் நிறுத்தி வைத்திருந்த வண்டி முதல் இரண்டு நிமிஷம் நீலப்புகை விட்டுவிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம், காரணம் கீழே ஆயில் பகுதியில் இருக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது கார்புரேட்டர் வேலை, சின்னச் செலவு. மேலே "டிக் டிக்" என்றால் டேப்பெட், வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி. அடியிலிருந்து சுத்தியலால் மரத்தைத் தட்டுகிற மாதிரி, ஆக்சிலேட்டரை முறுக்கி விடும்போது கூடுதலாகக் கேட்டால் அது பிக் எண்ட், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடம். விலையை அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் காகிதம். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பவைதானா என்று உங்கள் கண்ணால், துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பழைய புல்லட்டில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம், அது புத்தகத்தில் ஏறாமல் இருப்பதும் சகஜம். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எதுவரை செல்லும் என்று பாருங்கள், 5 வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும். பேர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்பவரிடம் வண்டி வாங்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

உதைத்தால் திருப்பி உதைக்கிறது. காலை உடைத்துவிடுமா?

தப்பாக உதைத்தால் கணுக்கால் வீங்கும், உடைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பலத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் கூட்டத்தில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் செய்பவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார்.

முறை இதுதான். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக, உதைக்காமல், கால் எடையால் அழுத்துங்கள். ஓர் இடத்தில் கல்லில் முட்டிய மாதிரி நிற்கும். அதுதான் கம்ப்ரஷன். இப்போது இடது கைப் பக்கம் இருக்கும், அந்த அழுத்தத்தை வெளியே விடும் சின்ன டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், பாயிண்ட் மூடியிருக்கிறது, பொறிக்கு மின்சாரம் கூட்டும் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முள் நடுவுக்கு வந்துவிடும். பாயிண்ட் திறந்துவிட்டது. அதிலிருந்து இன்னும் ஒரு நூல் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, இப்போது ஒரே உதை, கடைசி வரை. பாதியில் காலை எடுத்தால்தான் அது உங்களைத் திருப்பி உதைக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு உதைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக், சூடான இன்ஜினுக்குச் சோக்கே வேண்டாம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் திருப்பி உதைத்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது, அதாவது பொறி சீக்கிரமே வருகிறது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழகிவிடுமா?

பழகிவிடும், ஒரு வாரம். ஆபத்து பழகும்போது இல்லை, பழகிவிட்டோம் என்று நினைத்த மூன்றாவது வாரத்தில்தான். நாய் குறுக்கே ஓடும்போது மூளை யோசிக்காது, வலது கால் தானாக அழுத்தும், அங்கே இருப்பது கியர். ஆகவே முதல் பத்து நாள் வேறு வண்டி எதையும் தொடாதீர்கள், காலையில் ஆள் இல்லாத மைதானத்தில் ஓட்டி, திடீரென்று நிறுத்துவதை மட்டும் நூறு முறையாவது செய்து பாருங்கள்.

மேலே தூக்கினால் முதல் கியர், மற்ற மூன்றும் கீழே மிதித்து. நடுநடுவே கியர் விழாமல் சும்மா சுற்றும், அது பழைய பெட்டியின் குணம், அவசரப்படாமல் முழுக்க மிதித்தால் விழும். குதிகால் பக்கம் தனியாக இருக்கும் சின்ன லிவர் நியூட்ரல் ஃபைண்டர். இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் கிளட்ச் பிடித்து அதை ஒரு மிதி மிதித்தால் நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. சிக்னலில் பக்கத்துப் பையன் நியூட்ரல் தேடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்துவிட்டுச் சும்மா நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆயில் என்ன போடுவது, எப்போது மாற்றுவது?

20W-50. விலை உயர்ந்த சிந்தெடிக் வேண்டாம். அடிக்கடி மாற்றுவதுதான் முக்கியம். நான் 2,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன், அதற்கு முன்பே கறுத்துவிட்டால் முன்பே.

அளவு பார்ப்பதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி தனி, கிராங்க் சுற்றும் அறை தனி, இரண்டும் ஒரே வார்ப்புக்குள். ஒரு பம்ப் ஆயிலை அனுப்பும், இன்னொன்று கீழே தேங்குவதை எடுத்துத் தொட்டிக்குத் திருப்பும். வண்டி பல நாள் நின்றால் தொட்டியிலிருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். காலையில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் "ஐயோ, ஆயிலே இல்லை" என்று தோன்றும், அரை லிட்டர் ஊற்றுவீர்கள், ஸ்டார்ட் செய்ததும் கீழே இருந்த பழைய ஆயிலும் மேலே வந்து எல்லாம் வழிந்து வெளியே. ஆகவே இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் அளவு பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி முதலில் நீலப்புகை விடுவதும் இப்படி இறங்கிய ஆயிலால்தான்.

ஃபில்டர் மாற்றினால் அந்தக் குழிக்குள் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மூடுங்கள். காலியாக மூடினால், அது நிரம்பும் வரை பிக் எண்டுக்கு ஆயில் போகாது, அந்த அரை நிமிஷம் வறண்டு சுற்றும். ஸ்டார்ட் செய்த பிறகு, வால்வை அழுத்தும் ராக்கருக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். புதிய பட்டறைகள் பலவற்றில் இந்த இரண்டையும் செய்வதில்லை, பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

எல்லா புல்லட்டும் ஆயில் ஒழுகுமா?

வியர்க்கும். ஒழுகக் கூடாது. நிறுத்திய இடத்தில் காலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தால் நான் தூங்கப் போய்விடுவேன், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தால் தேடுவேன். இடது பக்கம், இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் மூடியை ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கசிகிறது என்று அதை இறுக்கிக்கொண்டே போனால் மூடி வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும், நான் செய்து பார்த்த தப்பு இது. ரப்பர் சீலை மாற்றுங்கள், விலை ஒன்றும் இல்லை. கசிவைத் தடுக்க எங்கும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளே பிதுங்கிய பேஸ்ட் ஆயில் போகும் வழியை அடைத்தால் கதை முடிந்தது.

நானே செய்துகொள்ளக்கூடிய வேலை என்னென்ன?

டேப்பெட், பாயிண்ட், பிளக், செயின், கேபிள். இவை ஐந்தும் தெரிந்தால் மாதத்தில் பாதி நாள் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

டேப்பெட்டை ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் மட்டும் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் மேலே இருக்கும்படி வைத்து, வலது பக்கம் சிலிண்டர் அடியில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் ராக்கரைத் தள்ளும் இரண்டு புஷ்ராடு தெரியும். இரண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் அளவு, கேஜ் எதுவும் தேவையில்லை. சூடானால் சிலிண்டர் நீண்டு இடைவெளி தானாக வரும். சத்தம் வரக் கூடாது என்று இறுக்கி வைத்தால் வால்வு முழுக்க மூடாமல் கருகும். கொஞ்சம் "டிக் டிக்" கேட்கும் புல்லட் ஆரோக்கியமான புல்லட்.

பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்ட் கார்டு, சிகரெட் அட்டை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு தடிமன். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், அதை மட்டும் தேய்த்துவிட்டுப் போகாதீர்கள், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றுங்கள்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. பழைய வண்டிகளில் பல நட்டுகள் இங்கிலாந்து அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரில் ஒன்று தொளதொளவென்று இருக்கும், அடுத்தது உள்ளேயே போகாது. தொளதொள ஸ்பேனரை வைத்து இறுக்கி இறுக்கித்தான் ஊரில் பாதி வண்டியின் நட்டுகள் உருண்டையாகிக் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடையில் அங்குல ஸ்பேனர் செட் கிடைத்தால் விடாதீர்கள்.

செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில், தொய்வு ஓர் அங்குலம். கேபிளுக்கு மழைக்காலத்துக்கு முன் ஆயில். அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டது. எங்கிருந்து தேடுவது?

எங்கள் மெக்கானிக் அண்ணன் எந்த வண்டி வந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எதுல கை வெச்ச?" இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் மதிக்கவில்லை.

ஒருமுறை என் வண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் இருமி நின்றுவிடும், ஐந்து நிமிஷம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும். பாயிண்ட் மாற்றினேன், காயில் மாற்றினேன், கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவினேன், இரண்டு ஞாயிறு போனது. கடைசியில் அவரிடம் தள்ளிக்கொண்டு போனால் அதே கேள்வி. "ஒண்ணும் இல்லண்ணா, டேங்க் மூடிக்குப் பாலீஷ் போட்டேன்" என்றேன். அவர் மூடியைத் திருகினார். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதில் என் பாலீஷ் மெழுகு போய் அடைத்திருந்தது, டேங்குக்குள் காற்று வராமல் பெட்ரோல் இறங்கவில்லை. குண்டூசியால் குத்தினார், காசு வாங்கவில்லை, அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

கை வைத்தது எதுவும் இல்லை என்றால் வரிசையாகப் போங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ரிசர்வில் போட்டீர்களா (சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இங்கேயே கிளம்பிவிடுவார்கள்). பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட்டின் மேல் ஒட்டி வைத்து உதைத்தால் பொறி வருகிறதா. பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா. பொறி இல்லை, அதுவும் சூடானால் மட்டும் இல்லை, ஆறினால் வருகிறது என்றால் கண்டன்சர் அல்லது காயில். ஏற்காடு போய்த் திரும்பும்போது எங்களில் ஒருவருக்கு ஒவ்வொரு நாலு வளைவுக்கும் நின்றது, மழை வேறு. புதுக் கண்டன்சர் என்று வாங்கி வைத்திருந்ததும் வேலை செய்யவில்லை. கடைசியில் ஒரு பழைய கண்டன்சரை இன்சுலேஷன் டேப் போட்டு வெளியே கட்டி, அதே கட்டோடு அடிவாரம் வரை, அங்கிருந்து வீடு வரை, அப்புறம் ஒரு வருஷம்.

ஆகவே டூல் பெட்டியில்: ஓடிப் பார்த்துச் சோதித்த பழைய பாயிண்ட், கண்டன்சர், ஒரு பிளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக், டியூப், கொஞ்சம் ஒயர், டேப், பியூஸ். புதுசைப் பெட்டியில் வைக்காதீர்கள். புதுசை வண்டியில் போட்டு, வண்டியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள், அதாவது வேலை செய்யும் என்று தெரிந்த ஒன்று கையில் இருக்கும்.

ஆம்பியர் மீட்டர் முள் மைனஸில் நிற்கிறதே?

ஐடிலில், ஹெட்லைட் போட்டிருந்தால் நிற்கும். வேகம் எடுத்ததும் நடுவுக்கோ பிளஸுக்கோ வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஓடும்போதும் மைனஸிலேயே கிடந்தால் பேட்டரி வீட்டுக்குப் போகும் முன் தீர்ந்துவிடும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய புல்லட்டுக்குச் சேருமா?

ஓடும். ஆனால் 20 சதவீதம் எத்தனால் இருக்கும் பெட்ரோலை நினைத்து யாரும் இந்த வண்டியைச் செய்யவில்லை. பழைய ரப்பர் பெட்ரோல் டியூப் ஊறிக் கொழகொழவென்று ஆகும், பெட்ரோல் டேப் வாஷர் உப்பும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் துருவும் வெள்ளைப் படிவும் வரும். என் வண்டியில் டியூப், வாஷர் எல்லாவற்றையும் புதுசாக மாற்றினேன், கிண்ணத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். எத்தனால் கூடும்போது இன்ஜினுக்குக் கலவை கொஞ்சம் மெலிசாகப் போகும். பிளக்கைப் பாருங்கள், காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நிம்மதி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்கு வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள், கிண்ணம் காலியாகி வாசலில் நிற்கும். எந்த இடத்தில் மூடினால் சரியாக வாசலில் நிற்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, அதுவரை கடைசி ஐம்பது அடி தள்ளினேன்.

எவ்வளவு வேகம் போகலாம்?

அறுபது, எழுபது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் நெடுந்தூரம் ஏறி இறங்குகிறது, இது இழுப்பதற்குச் செய்த இன்ஜின், பறப்பதற்கு இல்லை. நாலு வழிச்சாலையில் தொண்ணூறில் ஒரு மணி நேரம் விரட்டினால் பிக் எண்ட் உங்களுக்குப் பில் அனுப்பும். புதிதாகப் போர் அடித்த வண்டி என்றால் முதல் 500 கி.மீ. ஐம்பதைத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள், இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

சைலன்சர் மாற்றலாமா?

வேண்டாம். கம்பெனி கொடுத்ததை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு, போலீஸ் பிடித்தால் எங்களைக் கூப்பிடாதீர்கள். அதைவிட, நல்ல டைமிங்கில் இருக்கும் பழைய இன்ஜினின் சொந்தச் சத்தத்தை இதுவரை கேட்காதவர்கள்தான் சைலன்சர் மாற்றுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது, பார்ட்ஸ் எங்கே வாங்குவது?

பட்டறை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்க்காதீர்கள், அதில் எத்தனை தூசி படிந்து நிற்கிறது என்று பாருங்கள். தூசி படிந்தவை அதிகம் என்றால் அவர் பிரிக்கத் தெரிந்தவர், பூட்டத் தெரிந்தவர் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு முதலில் காது கொடுத்து இன்ஜினைக் கேட்பவர், "இது தேவையில்ல, இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று ஒரு தடவையாவது சொல்பவர் கிடைத்தால் தீபாவளிக்கு இனிப்போடு போய்ப் பாருங்கள். அவரிடம் "ஃபுல் சர்வீஸ் பண்ணிடுங்க" என்று சொல்லாதீர்கள். என்ன சத்தம், எப்போது, சூட்டிலா குளிரிலா, எந்த கியரில் என்று சொல்லுங்கள்.

பார்ட்ஸ் சென்னையில் ஜி.பி. ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், வருஷத்துக்கு வருஷம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், பெயரை மட்டும் சொன்னால் ஏதோ ஒன்று கிடைக்கும். கிளட்ச் பிளேட், பாயிண்ட், கேபிள் இவற்றில் டூப்ளிகேட் ஏராளம். கேபிளில் ஏமாந்தால் கொல்லிமலையில் ஏமாறுவீர்கள்.

கூட்டமாகப் போகும்போது என்ன ஒழுங்கு?

நாலரைக்குக் கிளம்புவோம், வெயில் ஏறும் முன் மலை அடிவாரம். பெட்ரோல் முதல் நாளே போட்டிருக்க வேண்டும். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்கணும், கடைசியில் வருகிறவருக்கு ரிப்பேர் தெரிந்திருக்கணும். கடைசி ஆளை யாரும் பின்னால் விடக் கூடாது. நேர்வரிசையாகப் போகாமல் இடம் வலமாக மாறி மாறி, முன்னால் இருப்பவர் பிரேக் போட்டால் நீங்கள் நிற்க இடம் வைத்து. கூட்டத்தின் வேகம் என்பது மெதுவாக ஓட்டுபவரின் வேகம். ஓவர்டேக் செய்வதை அவரவர் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள், முன்னால் போனவர் போனார் என்று பின்னாலேயே போகாதீர்கள். இதை மட்டும் நாங்கள் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் சத்தமாகச் சொல்கிறோம், பழைய ஆட்கள் முகம் சுளித்தாலும்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, பின்னால் உட்காருபவருக்கும். இதில் பேச்சே இல்லை, இல்லாதவர் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

மலைப்பாதையில் பழைய புல்லட் ஓட்ட பயமாக இருக்கிறது. குறிப்பாகக் கொல்லிமலை?

பயம் நல்லது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. எங்கள் ஏற்காடு 20-தான், ஏலகிரி 14, அவற்றில் பழகிவிட்டு அங்கே போங்கள். ஏறும்போது புல்லட்டுக்குக் கவலை இல்லை, இரண்டாவது கியரில் "தட் தட்" என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள், அந்தப் பெட்டி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கியர் விழாமல் சுற்றும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி, பஸ் டிரைவர்களுக்கு வளைவு முழுக்கத் தேவைப்படும் என்பது நடைமுறை. பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இறங்குவதுதான் பரீட்சை. முன்னும் பின்னும் ட்ரம் பிரேக், 70 வளைவுக்கும் பிரேக்கையே நம்பி இறங்கினால் பாதியில் சூடாகிப் பிடிப்பு போய்விடும், லிவர் பிடித்தது பிடித்தபடி இருக்கும், வண்டி போய்க்கொண்டிருக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு, இன்ஜினே பிடித்துக்கொள்ளும்படி. கிளட்ச் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறங்கும் ஆட்களோடு நாங்கள் போவதில்லை. மழையில் ட்ரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் பிடி பிடிக்காது, மெதுவாகப் போய்க்கொண்டே லேசாகப் பிடித்துக் காயவிடுங்கள். இருபது வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ட்ரம் பக்கத்தில் கை காட்டிப் பாருங்கள், தொடாதீர்கள். மேலே செம்மேட்டில் சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு இறங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், அது பிரேக்கை விடப் பெரிய விஷயம்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

மனைவி படிக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்த கேள்வி.

ஆறு மாதம் வெளியூர் போகிறேன். வண்டியை எப்படி நிறுத்தி வைப்பது, வந்ததும் எப்படி எழுப்புவது?

போகும் முன் புது ஆயில் மாற்றிவிடுங்கள், பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் உள்ளே உட்கார்ந்து தின்னும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்தால் எலி, குளவி வராது, ஆனால் துணியைச் சிவப்பில் வையுங்கள், வந்ததும் மறந்துவிட்டு உதைப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் "வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி வை தம்பி" என்று சாவி கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் ஓடி முழுக்கச் சூடாகாமல் நிறுத்தினால் உள்ளே ஈரம்தான் சேரும், அதோடு அந்தப் பையன் ஐந்து நிமிஷத்தோடு நிறுத்த மாட்டான்.

வந்ததும் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒரு ஸ்பூனுக்கும் குறைவாக ஆயில் விட்டு, சாவி போடாமல் கிக்கரை இருபது முப்பது தடவை மெதுவாக அழுத்துங்கள், பிஸ்டன் ரிங்குக்கு ஆயில் போகும். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கும், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினால் விட்டுவிடும். ஆயில் குச்சியைப் பார்த்து ஊற்றப் போய்விடாதீர்கள், மேலே சொன்னதுதான், எல்லாம் கீழே இறங்கியிருக்கும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். இப்போது ஆறு மாத ஆயிலும் சேர்ந்து தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரப் போகிறது, ஆகவே எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறதா என்று ஒருதடவை பார்த்துவிட்டு உதையுங்கள்.